நிறுவும்போது சொன்ன பதில்கள்: சத்துவாச்சாரியில் ஒரு பயிற்சி சர்வர், ஒரு நிகழ்வு ஆய்வு

சர்வர் இயங்குதளத்தை நிறுவுவது பெரிய வித்தை இல்லை. பென் டிரைவைச் செருகி, திரையில் வரும் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொன்னால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. போகிற போக்கில் சொன்ன பதில்களில் சில, பல வாரம் கழித்துப் பழுதாகத் திரும்பி வரும். அன்றைக்கு என்ன பதில் சொன்னோம், ஏன் சொன்னோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. கீழே உள்ள நிகழ்வில் வந்த பழுதுகளில் முக்கியமானவை எல்லாம் அப்படி வந்தவையே. அதனால் ஒவ்வொரு பழுதையும் அதற்குக் காரணமான பதிலோடு சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

இடமும் தேவையும்

வேலூர் சத்துவாச்சாரியில் தரைத்தளத்து இரண்டு அறைகளில் நடக்கும் ஒரு கணினிப் பயிற்சிக்கூடம். மாணவர் அறையில் 9 கணினிகள், அலுவலகத்தில் 2, நெட்வொர்க் பிரிண்டர் ஒன்று, 16 போர்ட் ஸ்விட்ச் ஒன்று, இணையத்துக்கு ஒரு ஃபைபர் மோடம். சர்வர் வருவதற்கு முன் பாடக் கோப்புகளும் கட்டணக் கணக்கும் பென் டிரைவில்தான் கைமாறிக்கொண்டிருந்தன. குடியாத்தம், ஆற்காடு, ஆரணி, வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காட்டின் பல பக்கங்களிலிருந்தும் வந்து படிக்கும் ஐந்து மாணவர்கள் இந்த சர்வரை நிறுவி நடத்த வேண்டும். பயிற்சியே அதுதான்.

இந்த அளவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ராணிப்பேட்டைத் தோல் கிடங்கின் அலுவலகமோ, ஆம்பூர் ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவோ, வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜோ, ரத்தப் பரிசோதனை நிலையமோ, எங்கே போனாலும் பத்துப் பதினைந்து கணினிகள்தான் இருக்கும். சர்வருக்கென்று தனி ஆள் இருக்கமாட்டார். கணினி தெரிந்த ஒருவர் தலையில்தான் அது விழும். அந்த ஒருவராக இவர்கள் ஆக வேண்டும்.

சர்வருக்குக் கிடைத்தது ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட டெஸ்க்டாப்: ஆறாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம். இரண்டு புதிய 1 டிபி ஹார்ட் டிஸ்க்குகளும் பேக்கப்புக்காக வெளியே செருகும் 2 டிபி யூஎஸ்பி டிஸ்க் ஒன்றும் வாங்கப்பட்டன. பழைய மதர்போர்டின் சிஆர்2032 பட்டன் பேட்டரியை முதல் வேலையாக மாற்றினார்கள். அது செத்திருந்தால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பின்னுக்குப் போகும், பயாஸில் செய்து வைத்த அமைப்புகளும் போய்விடும். மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழுந்திருக்க வேண்டும் என்ற அமைப்பு பயாஸில்தான் இருக்கிறது. சில பத்து ரூபாய் பேட்டரிக்காக அதை இழக்கக் கூடாது.

இயங்குதளமாக டெபியன் 13. 2025 ஆகஸ்டில் வெளியானது. பாதுகாப்புத் திருத்தங்கள் ஐந்தாண்டுகளுக்கு வரும். விண்டோஸ் சர்வரும் பரிசீலனையில் இருந்தது. அதன் மதிப்பீட்டுப் பதிப்பை 180 நாள் இலவசமாக ஓட்டிப் பழகலாம், ஆனால் அதற்குப் பிறகு சர்வருக்கு ஓர் உரிமம், இணையும் ஒவ்வொரு பயனருக்கோ கணினிக்கோ தனி அணுகல் உரிமம் என்று செலவு வரும். கற்றுக்கொள்ளும் சர்வரையே வேலைக்கும் விடப் போகிறோம் என்றபோது டெபியன் பொருத்தமாகத் தெரிந்தது. மிகப் பழைய கணினியை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டெபியன் 13-க்கு 32 பிட் கணினியில் நிறுவும் வட்டு கிடையாது.

முதல் நாள்: சொன்ன பதில்கள்

நெட்இன்ஸ்ட் எனப்படும் சிறிய பிம்பத்தைப் பென் டிரைவில் எழுதி, யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) முறையில் பூட் செய்தார்கள். ஐம்பது நிமிடத்தில் சர்வர் எழுந்து நின்றது. அன்று சொன்ன பதில்களில் ஆறு முக்கியமானவை.

நெட்வொர்க் கேள்வி வரவே இல்லை. நிறுவி தானாகவே டிஎச்சிபி (கணினிகளுக்கு நெட்வொர்க் முகவரியைத் தானாக வழங்கும் முறை) மூலம் முகவரி வாங்கிக்கொண்டது. ஹோஸ்ட் பெயராக ஊர்ப் பெயரோடு ஒரு கோடும் சர்வர் என்ற சொல்லும் சேர்த்துக் கொடுத்தார்கள். டொமைன் பெயருக்கு ‘லோக்கல்’. முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கான ரூட்டின் பாஸ்வேர்டைக் காலியாக விட்டார்கள். இரண்டு டிஸ்க்குகளையும் ரெய்டு 1-ஆக (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும் முறை) பிணைத்தார்கள்: இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனுக்கு 40 ஜிபி, ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்கு 4 ஜிபி, மீதி முழுவதும் கோப்புகளுக்கான எஸ்ஆர்வி கோப்புறைக்கு. யூஇஎஃப்ஐ பூட்டுக்குத் தேவையான 512 எம்பி இஎஸ்பி பார்ட்டிஷனை (கணினியை எழுப்பும் நிரல் இருக்கும் பகுதி) முதல் டிஸ்க்கில் அமைத்தார்கள். இரண்டாம் டிஸ்க்கில் அதே அளவு இடத்தைக் காலியாக விட்டார்கள். மென்பொருள் பட்டியலில் டெஸ்க்டாப்பை நீக்கிவிட்டு, வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரையும் அடிப்படைக் கருவிகளையும் மட்டும் வைத்தது சரியான பதில். அதனால் எந்தத் தொல்லையும் வரவில்லை.

ரூட் பாஸ்வேர்டைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. அதைக் காலியாக விட்டால் டெபியன் சூடோவை (கட்டளையை ரூட் அதிகாரத்தோடு ஓட்டும் கருவி) நிறுவி, முதல் பயனருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கும். ரூட் கணக்கு பூட்டப்படும். பாஸ்வேர்டு கொடுத்தால் முதல் பயனருக்கு சூடோ அதிகாரம் கிடைக்காது. இரண்டாவது வழியில் போகிறவர்கள் தடுமாறுவது இன்னோர் இடத்தில்: ‘எஸ்யூ’ என்று மட்டும் அடித்து ரூட்டாக மாறினால் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் கோப்புறைகள் பாதையில் சேராது, ‘கட்டளை இல்லை’ என்று பதில் வரும். பின்னால் ஒரு கோடு சேர்த்து அடிக்க வேண்டும். இரண்டு வழியும் தவறில்லை. எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை நோட்டில் எழுதாததுதான் தவறு.

முகவரி நழுவியது

சர்வர் வாங்கிய முகவரி 192.168.1.37. எல்லாக் கணினிகளிலும் அந்த எண்ணை வைத்தே பகிர்வு டிரைவை இணைத்தார்கள். இரண்டு வாரம் ஓடியது. ஒரு ஞாயிறு முழுக்க மின்சாரம் இல்லை. திங்கட்கிழமை காலையில் அலுவலகத்திலிருந்து குரல்: “தம்பி, சனிக்கிழமை வரைக்கும் ஓப்பன் ஆச்சு, இன்னைக்கு டிரைவே காணோம்.” மோடம் மறுபடி எழுந்தபோது யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்ற பட்டியலை மறந்துவிட்டது. சர்வருக்கு இம்முறை 41 கிடைத்தது, 37 ஒரு மாணவர் கணினிக்குப் போயிற்று.

மாணவர்கள் உடனே செய்தது, சர்வரின் இன்டர்ஃபேசஸ் கோப்பில் 192.168.1.10 என்று நிலையான முகவரியை எழுதியது. இதை எஸ்எஸ்எச் வழியாகச் செய்யக் கூடாது. நெட்வொர்க்கை மறுபடி தொடங்கியதும் இணைப்பு அறுந்துவிடும், ஓர் எழுத்துப் பிழை இருந்தால் திரும்பி உள்ளே வரவும் முடியாது. சர்வருக்கு முன் உட்கார்ந்து செய்தார்கள், அது சரி. ஆனால் மோடம் 2 முதல் 254 வரை எல்லா முகவரிகளையும் வழங்கிக்கொண்டிருந்தது. 10-உம் அதற்குள் அடக்கம். மூன்றாம் நாள் ஒரு கணினி அதே முகவரியை வாங்கி இரண்டும் மோதின.

இதற்குப் பிறகுதான் காகிதத்தில் திட்டம் போட்டார்கள். மோடத்துக்கு 1, சர்வருக்கு 10, பிரிண்டருக்கு 20, மற்ற கணினிகளுக்கு 100 முதல் 199 வரை. முகவரி வழங்கும் வேலையையும் பெயர் சொல்லும் வேலையையும் சர்வரில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள் பார்க்கும். பத்துப் பதினைந்து கணினிக்கு அது போதும். ஒரே அமைப்புக் கோப்பு, பத்துப் பன்னிரண்டு வரிகள்.

டிஎன்எஸ்மாஸ்க்கைத் தொடங்கினார்கள், மோடத்தின் டிஎச்சிபியை நிறுத்த மறந்தார்கள். இது இந்தத் தொழிலில் மிகச் சாதாரணமாக நடப்பது, கண்டுபிடிக்க மிக எரிச்சலூட்டுவது. புதிதாக எழும் கணினி ‘எனக்கு முகவரி வேண்டும்’ என்று நெட்வொர்க் முழுவதும் கேட்கப் பொதுக்குரல் விடும். இரண்டு பேர் பதில் சொன்னால் பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே அது எடுத்துக்கொள்ளும். ஆகவே நான்கு கணினிகளுக்கு சர்வரின் பெயர் தெரிந்தது, ஐந்துக்குத் தெரியவில்லை. அணைத்துப் போட்டால் கணக்கு மாறியது. ஒரு மாணவர் கேபிளைச் சந்தேகப்பட்டு இரண்டு முனைகளையும் கிரிம்ப் செய்து மாற்றினார். இன்னொருவர் ஸ்விட்சின் போர்ட்டை மாற்றினார். ஒவ்வொரு முறையும் தற்செயலாகச் சரியானது போலத் தோன்றி, மறுநாள் மறுபடி கெட்டது.

விண்டோஸ் கணினியில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையை ‘ஆல்’ என்ற சொல்லோடு ஓட்டினால் டிஎச்சிபி சர்வர் என்று ஒரு வரி வரும். எந்த முகவரி தனக்கு எண் கொடுத்தது என்பதை அந்த வரி சொல்லிவிடும். வேலை செய்யும் கணினி ஒன்று, செய்யாத கணினி ஒன்று, இரண்டிலும் அந்த வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்றில் 10, மற்றதில் 1. இரண்டு நிமிட வேலைக்கு இரண்டு நாள் போயிருந்தது. மோடத்தில் டிஎச்சிபியை நிறுத்தி, எல்லாக் கணினிகளிலும் முகவரியை விடுவித்துப் புதுப்பித்தார்கள். சில இணையச் சேவையாளர்கள் மோடத்தின் அந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருப்பார்கள். அப்படியானால் மோடத்துக்குப் பின்னால் சொந்த ரூட்டர் ஒன்றை வைத்துக்கொள்வதே நல்லது. இரண்டு டிஎச்சிபியை ஒரே கம்பியில் ஓட விட்டு ஒப்பேற்றக் கூடாது.

பெயர் விஷயம் சிறியது, ஆனாலும் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினாலே 12 எழுத்து. கோடும் சர்வரும் சேர்ந்து 19. விண்டோஸின் பழைய நெட்பயாஸ் பெயர் 15 எழுத்தோடு நின்றுவிடும். மீதி வெட்டுப்பட்டு, டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றிச் சொல்லும் சேவை) சரியாக இல்லாத கணினிகளில் முழுப் பெயரை அடித்தால் சர்வர் கிடைக்கவில்லை. பெயரைப் ‘பாலார்’ என்று ஐந்து எழுத்தாக்கினார்கள். டொமைனுக்கு ‘லோக்கல்’ கொடுத்ததும் தவறு. அந்தப் பெயர் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. லினக்ஸ், மேக் கணினிகள் பல, அந்த முடிவோடு வரும் பெயரை டிஎன்எஸ் சர்வரிடம் கேட்காமல் நெட்வொர்க்கில் நேரடியாகக் கேட்கும். தனியார் பயன்பாட்டுக்கென்று 2024-இல் ஒதுக்கிய ‘இன்டர்னல்’ இப்போது அங்கே இருக்கிறது.

பகிர்வும் அனுமதியும்

கோப்புப் பகிர்வுக்கு, விண்டோஸ் கணினிகளோடு பேசும் சாம்பா மென்பொருள். அலுவலகம், ஆசிரியர், மாணவர் என மூன்று குழுக்கள், மூன்று கோப்புறைகள். மாணவர் கோப்புறையைப் பாஸ்வேர்டே இல்லாமல் விருந்தினர் முறையில் திறந்து விடலாம் என்று தொடங்கினார்கள். இன்றைய விண்டோஸ் பதிப்புகள் பலவும் பாதுகாப்பில்லாத விருந்தினர் நுழைவை ஏற்பதில்லை. அதை விண்டோஸ் பக்கம் தளர்த்தும் வழி இணையமெங்கும் கிடைக்கிறது, செய்யாதீர்கள். பயனரை உருவாக்குங்கள். லினக்ஸில் பயனரை உருவாக்கினால் மட்டும் போதாது, சாம்பாவுக்கு வேறு பாஸ்வேர்டுப் பட்டியல் உண்டு. ‘எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி’ கட்டளையால் அதிலும் சேர்க்க வேண்டும். ஐந்து பேரில் மூன்று பேர் இதில்தான் அரை நாள் நின்றார்கள்.

அடுத்தது, ஓர் ஆசிரியர் வைத்த கோப்பை மற்ற ஆசிரியர் திறக்கலாம், சேமிக்க முடியவில்லை. சாம்பா புதுக் கோப்புக்குக் கொடுக்கும் இயல்பான அனுமதி 0744. குழுவுக்குப் படிக்க மட்டும் உரிமை. கோப்புக்கு 0660, கோப்புறைக்கு 2770 என்று பகிர்வு அமைப்பில் எழுதிய பிறகு சரியானது. 2770-இன் முதல் இலக்கமான 2, உள்ளே உருவாகும் ஒவ்வொன்றும் அதே குழுவுக்குச் சொந்தமாகும்படி செய்கிறது. அதை விட்டு 770 என்று போட்டால் முதல் நாள் நன்றாக இருக்கும், கோப்புகள் பெருகப் பெருகக் குழப்பம் வரும். சோதிக்கும்போது ஒரே விண்டோஸ் கணினியிலிருந்து இரண்டு பயனர் பெயரில் ஒரே சர்வருக்குள் நுழைய முடியாது, பிழை 1219 வரும். அது அனுமதிப் பழுது இல்லை. பழைய இணைப்பை அறுத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

பேக்கப் சர்வரையே நிரப்பியது

ரெய்டு 1 என்பது ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது. அழித்த கோப்பை அது திருப்பித் தராது. அழிப்பையும் இரண்டு டிஸ்க்கிலும் ஒழுங்காகவே செய்யும். எனவே யூஎஸ்பி டிஸ்க்கில் ஆர்சிங்க் என்ற பிரதி எடுக்கும் கருவி மூலம் தினமும் பேக்கப். மாறாத கோப்புகளை நேற்றைய பிரதியோடு ஹார்ட் லிங்க்கால் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர், தனி இடம் பிடிக்காது) இணைத்து, நாளுக்கொரு கோப்புறை. யூஎஸ்பி டிஸ்க் கடையிலிருந்து எக்ஸ்ஃபேட் அமைப்பில் வந்தது, அதில் ஹார்ட் லிங்க் கிடையாது. இஎக்ஸ்டி4-ஆக ஃபார்மட் செய்தார்கள்.

பேக்கப் நேரம் இரவு 1:30 என்று, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரு பிரதியும் இல்லை. இரவு எட்டரைக்குக் கடைசியாகப் போகிறவர் மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். நம் ஊர் அலுவலகங்களில் இது வழக்கம், பாதுகாப்புக்காகச் செய்வது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. யூபிஎஸ் சிறிது நேரம் கத்திவிட்டு ஓயும், சர்வரும் விழும். தவறவிட்ட வேலையைக் கிரான் பிறகு செய்வதில்லை. பேக்கப்பை மதியம் 1:15-க்கு, சாப்பாட்டு வேளைக்கு, மாற்றினார்கள். மாலையில் சர்வரை முறையாக அணைத்த பிறகே மெயினைத் தொடுவது என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள்.

பிறகு வந்ததுதான் பெரிய பழுது. யாரோ யூஎஸ்பி டிஸ்க்கின் கேபிளை, செல்போன் சார்ஜருக்கு இடம் வேண்டுமென்று, கழற்றிவிட்டார்கள். மதியம் 1:15-க்கு ஆர்சிங்க் ஓடியது. டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை (அதாவது தன் கோப்புறையோடு இணையவில்லை), ஆனால் அது மவுண்ட் ஆகும் கோப்புறை ரூட் பார்ட்டிஷனில் வெறும் கோப்புறையாக இருந்தது. 160 ஜிபி கோப்புகளை 40 ஜிபி ரூட்டுக்குள் ஆர்சிங்க் கொட்டத் தொடங்கியது. ரூட் பயனருக்கென்று இஎக்ஸ்டி4 இயல்பாக 5 சதவீத இடத்தை ஒதுக்கி வைக்கும், அவசரத்துக்கு உள்ளே நுழைய அது உதவும். ஆர்சிங்க் ரூட்டாக ஓடியதால் அதையும் தின்றுவிட்டது. இரண்டு மணிக்குள் புதிய முகவரி வழங்குவது தடுமாறியது, பகிர்வில் பிழைகள் வந்தன, பதிவேடு எழுதவும் இடமில்லை.

அவசரத்தில் மாணவர்கள் முதலில் யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகி மவுண்ட் செய்தார்கள். இயல்பான எதிர்வினைதான், ஆனால் அதனால் துப்பு மறைந்தது. ‘டிஎஃப்’ கட்டளை ரூட் 100 சதவீதம் நிரம்பியதாகச் சொன்னது. ‘டியூ’ கட்டளையால் கோப்புறை கோப்புறையாகக் கூட்டினால் 4 ஜிபிகூட வரவில்லை. 36 ஜிபி எங்கே? மவுண்ட் ஆன டிஸ்க்குக்கு அடியில். ஒரு கோப்புறை மேல் டிஸ்க்கை மவுண்ட் செய்தால், அந்தக் கோப்புறைக்குள் முன்பே இருந்தவை கண்ணுக்குத் தெரியாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். டிஎஃப்பும் டியூவும் ஒத்துப்போகாதபோது இரண்டு காரணங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: அழித்த பிறகும் ஏதோ ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பு, அல்லது மவுண்ட்டுக்கு அடியில் புதைந்த கோப்பு. ரூட் பார்ட்டிஷனை வேறொரு கோப்புறையிலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்து பார்த்தபோது புதைந்ததெல்லாம் தெரிந்தது. பெயரை இரண்டு பேர் சரிபார்த்த பிறகே அழித்தார்கள்.

தடுப்புக்கு இரண்டு ஏற்பாடுகள். பேக்கப் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ‘மவுண்ட்பாயிண்ட்’ கட்டளையால் டிஸ்க் இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் அங்கேயே நிற்பது. யூஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றிய நிலையில், அந்த வெறும் கோப்புறைக்கு ‘சிஎச்ஆட்டர்’ கட்டளையால் மாற்றமுடியாத பண்பைக் கொடுப்பது; பிறகு ரூட்டாலும் அதற்குள் எழுத முடியாது. இரண்டாவது ஏற்பாடு ஸ்கிரிப்டில் பிழை இருந்தாலும் காப்பாற்றும். வெள்ளிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு கோப்புறையைப் பேக்கப்பிலிருந்து வேறிடத்தில் மீட்டெடுத்து, மூலத்தோடு ஒப்பிடுவது இப்போது நேர அட்டவணையில் இருக்கிறது.

டிஸ்க்கைப் பிடுங்கிப் பார்த்தது

ரெய்டு போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் நிற்பவர்களே அதிகம். இங்கே ஒரு டிஸ்க்கைப் பிடுங்கிப் பார்த்தே தீர வேண்டும் என்பது பயிற்சியின் பகுதி. செய்வதற்கு முன் பேக்கப் புதிதாக எடுக்கப்பட்டதா, ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில் ரூட், ஸ்வாப், எஸ்ஆர்வி ஆகிய மூன்று தொகுதிகளுக்கும், இரண்டு டிஸ்க்கும் நலம் என்பதற்கு அடையாளமான இரண்டு ‘யூ’ எழுத்து காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நிறுவிய அன்றே இதைச் செய்யக் கூடாது. முதல் ஒத்திசைவு பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும், 1 டிபிக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும்.

சர்வரை அணைத்து, முதல் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி, மறுபடி போட்டார்கள். பூட் செய்ய டிஸ்க் இல்லை என்றது திரை. முதல் நாள் பதில் இங்கே வந்து நின்றது: இஎஸ்பி ஒரே டிஸ்க்கில்தான். கோப்புகள் இரண்டிலும் பத்திரமாக இருந்தன, அவற்றை எழுப்பும் நிரல் கழற்றிய டிஸ்க்கோடு போய்விட்டது. யூஇஎஃப்ஐ ஃபார்ம்வேருக்கு லினக்ஸின் ரெய்டு தெரியாது. அது ஃபேட் அமைப்பில் உள்ள தனிப் பார்ட்டிஷனைத்தான் தேடும்.

கேபிளை மாட்டி, வழக்கம்போல் எழுப்பி, சரிசெய்த வரிசை இது. முதலில், இயங்குதளத்தை எழுப்பும் நிரலான கிரப்பின் பொதியை மறு அமைப்புச் செய்து, நீக்கத்தக்க ஊடகத்தின் பாதையிலும் நிறுவவா என்ற கேள்விக்கு ஆம் என்றார்கள். மலிவான மதர்போர்டுகள் பல, தங்கள் பூட் பட்டியலில் உள்ள டிஸ்க் காணாமல் போனால் அந்தப் பொதுப் பாதையைத்தான் தேடும். பிறகு இரண்டாம் டிஸ்க்கில் காலியாக விட்ட 512 எம்பியில் பார்ட்டிஷன் அமைத்து, வகையை இஎஸ்பி என்று குறித்து, ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்து, முதல் இஎஸ்பியில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே பிரதி எடுத்தார்கள். அந்த 512 எம்பியைக் காலியாக விட்டது தற்செயல். டிஸ்க் முழுவதையும் ரெய்டுக்குக் கொடுத்திருந்தால் இந்த வேலை ஒரு நாள் நீண்டிருக்கும்.

மறுபடி முதல் டிஸ்க்கைக் கழற்றினார்கள். இம்முறை கிரப் வந்தது, கெர்னல் வந்தது, ரெய்டு ஒற்றை டிஸ்க்கோடு எழுந்தது. பிறகு 90 விநாடி காத்திருப்பு, அவசரநிலைத் திரை. எந்தப் பார்ட்டிஷன் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய இஎஸ்பியின் அடையாள எண் இருந்தது. அந்த டிஸ்க் இல்லாததால், பூட்டை நடத்தும் சிஸ்டம்டி காத்திருந்து, கிடைக்காமல், பூட்டையே நிறுத்திவிட்டது. அவசரநிலைத் திரையில் ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய்ச் சரிசெய்யலாம். ஆனால் ரூட் கணக்கு பூட்டப்பட்டிருப்பதால் நுழைய முடியாது என்றது திரை. முதல் நாள் காலியாக விட்ட பாஸ்வேர்டின் பலன் இது. எந்த சூடோவும் அங்கே உதவாது.

“சார், இப்ப எப்படி உள்ள போறது?” என்ற கேள்விக்கு வழி கிரப்பில் இருக்கிறது. பட்டியல் தெரியும்போது ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘இனிட்’ அளவுருவாக பாஷ் நிரலின் முழுப் பாதையைக் கொடுத்து, எஃப்10 அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்காமல் ரூட்டாக நிறுத்தும். அங்கே ரூட் பார்ட்டிஷன் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கும். எழுதும் நிலைக்கு மாற்றி மவுண்ட் செய்து, எஃப்எஸ்டேப்பில் இஎஸ்பி வரியில் ‘நோஃபெயில்’ (அது இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும்) என்ற சொல்லைச் சேர்த்து, ரூட்டுக்குப் பாஸ்வேர்டு வைத்து, சிங்க் கட்டளை ஓட்டிய பிறகு மறுபடி எழுப்ப வேண்டும். விசைப்பலகைக்கு முன் உட்கார்ந்த எவரும் இப்படி நுழைய முடியும் என்பதால்தான் சர்வர் அறைக்குப் பூட்டு தேவைப்படுகிறது.

மூன்றாம் முறை சர்வர் ஒற்றை டிஸ்க்கில் முழுதாக எழுந்தது. பகிர்வுகள் திறந்தன. அணைத்து, முதல் டிஸ்க்கை மாட்டினார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: கழன்று வந்த டிஸ்க் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. ‘எம்டிஅட்மின்’ கட்டளையால் மூன்று தொகுதிகளிலும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் ஒத்திசைவு இரண்டு மணி நேரம் ஓடியது. அது முடியும் முன் இன்னொரு டிஸ்க்கில் கைவைத்தால் எல்லாம் போகும். டிஸ்க் செத்தால் எம்டிஅட்மின் ரூட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பும், ஆனால் இந்த சர்வரில் மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளே இல்லை. ஆகவே காலையில் எம்டிஸ்டாட்டைப் பார்ப்பது ஒருவரின் பொறுப்பு.

வெயில்

சர்வரை முதலில் வைத்தது இரும்பு பீரோவுக்குள். திருட்டுக்குப் பயந்து. கத்திரி வெயில் நாட்களில் வேலூரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். பூட்டிய பீரோவுக்குள், டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளை காட்டிய டிஸ்க் வெப்பம் 57. பல டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் தரும் உச்ச வரம்பு 60. கம்பிவலைக் கதவு போட்ட அலமாரிக்கு மாற்றியதும் 45-க்கு இறங்கியது. அதே கட்டளையின் வெளியீட்டில் பண்பு எண் 5, 197 இரண்டையும் (டிஸ்க்கில் கெட்டு மாற்றப்பட்ட பகுதிகள், சந்தேகத்துக்குரிய பகுதிகள்) பார்க்க வேண்டும். பூஜ்யமாக இருந்து ஏறத் தொடங்கினால் டிஸ்க்கை மாற்ற நாள் பார்க்கலாம். இன்வெர்ட்டரை நம்பி யூபிஎஸ்ஸை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். சாதாரண நிலையில் இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியே கணினியை அணைத்துவிடப் போதும். இரண்டும் இருந்தால் நல்லது, ஒன்றுதான் என்றால் யூபிஎஸ். மோடத்தையும் ஸ்விட்ச்சையும் அதே யூபிஎஸ்ஸில் மாட்ட வேண்டும்.

இரண்டாம் நிறுவல்

கடைசி வாரம் வேறொரு பழைய டெஸ்க்டாப்பைக் கொடுத்து, நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து நிறுவச் சொன்னோம். முதல்முறை ஐம்பது நிமிடத்தில் முடித்தவர்களுக்கு இம்முறை இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. நெட்வொர்க் தானாக அமையும் திரையில் பின்னே போய் முகவரியைக் கையால் கொடுத்தார்கள். ரூட்டுக்குப் பாஸ்வேர்டு வைத்து, அதை உறையிலிட்டு அலுவலகத்தில் கொடுத்தார்கள். இரண்டு டிஸ்க்கிலும் இஎஸ்பி. எஃப்எஸ்டேப்பில் நோஃபெயில், முதல் பூட்டிலேயே.

ஒன்றைத் தவறவிட்டார்கள். கிரப் பொதி புதுப்பிக்கப்படும்போது மாற்றம் முதல் இஎஸ்பியில் மட்டும்தான் விழும், இரண்டாம் டிஸ்க்கின் பிரதி பழையதாகவே நிற்கும். அதைப் புதுப்பிக்கும் வேலை நோட்டில் இல்லை. புதுப்பிப்புக்குப் பிறகு இரண்டு இஎஸ்பிகளையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் பிரதி எடுக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை ஆரணி மாணவர் எழுதிக்கொண்டிருக்கிறார். அது முடியும்வரை மாதத்தின் முதல் சனிக்கிழமை கையால்.